சென்ட்ரலில் ஏன் இத்தனை நடை?

சென்னை சென்ட்ரல் என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் அந்த இடத்தில் எண்ணிப் பார்த்தால் ஐந்து ரயில் நிலையங்கள் இருக்கின்றன. வெளியூர் ரயில்கள் நிற்கும் பழைய சிவப்புக் கட்டடம் ஒன்று. அதை ஒட்டி கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், அரக்கோணம் மின்சார ரயில்களுக்கான மூர் மார்க்கெட் புறநகர் முனையம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடற்கரை–தாம்பரம் ரயில் நிற்கும் பார்க். அதற்குப் பக்கத்திலேயே வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலின் பார்க் டவுன். இவை எல்லாவற்றுக்கும் கீழே, மண்ணுக்குள், நீலப் பாதையும் பச்சைப் பாதையும் சந்திக்கும் மெட்ரோ.

ஐந்தும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டுமென்றால் படி ஏறி, படி இறங்கி, சப்வேயில் நடந்து, மறுபடி டிக்கெட் எடுத்து, பையை ஸ்கேனரில் போட்டு எடுத்து, அப்புறம்தான் ரயில். திட்டமிட்டவர்களுக்கு அறிவே இல்லையா என்று பலரும் திட்டுவதுண்டு. திட்டலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஐந்தையும் ஒரே ஆள் உட்கார்ந்து திட்டமிடவே இல்லை என்பதுதான் விஷயம். நூற்றைம்பது வருடத்தில், வெவ்வேறு முதலாளிகள், வெவ்வேறு அகலத்தில் தண்டவாளம் போட்டு, அவரவர் வசதிக்குக் கட்டியது இது.

கதை ராயபுரத்தில் தொடங்குகிறது. 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது அங்கிருந்துதான், வாலாஜா ரோடு வரை. அதை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1860களின் தொடக்கத்திலேயே அவர்கள் பாதை சேலம், கோவைப் பக்கம் போய், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் ஓரத்துப் பேப்பூர் வரை எட்டிவிட்டது. சென்ட்ரல் அவர்களுடைய இரண்டாவது முனையம், 1873ல் திறந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடம், பிறகு ஹென்றி இர்வின் கை வைத்து மாற்றியது. நாம் தூரத்திலிருந்தே பார்த்து மணி தெரிந்துகொள்ளும் அந்தக் கடிகாரக் கோபுரம் அப்படி வந்ததுதான். மெட்ராஸ் ரயில்வே போட்டதெல்லாம் அகலப் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர்.

இன்னொரு பக்கம் சவுத் இந்தியன் ரயில்வே. விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே போன கம்பெனி. அவர்களுடையது மீட்டர் கேஜ், வெறும் 1000 மில்லிமீட்டர். அவர்களுக்கு சென்னையில் பெரிய வாசல் எக்மோர், 1908ல் திறந்தது. அதே எக்மோர் வழியாகக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931ல் மின்சார ரயில் விட்டார்கள், அதுவும் மீட்டர் கேஜில். பார்க் நிலையம் அந்தப் பாதையில் இருக்கிறது. ஆக சென்ட்ரலும் பார்க்கும் எதிரெதிரே இருந்தாலும் ஒன்றின் ரயில் இன்னொன்றின் தண்டவாளத்தில் ஏற அன்றைக்கு வழியே இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே நிலையமாகக் கட்ட அந்தக் காலத்தில் யாருக்கும் காரணம் இல்லை. நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓடியது, ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது அதற்குப் பெரியார் பெயர்.

வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கோவைக்கும் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் சென்ட்ரலில் ஏற வேண்டும், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் எக்மோரில் ஏற வேண்டும், இது என்ன கணக்கு? திசையை வைத்துப் பார்த்தால் எந்தக் கணக்கும் இல்லை. திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலில் கிளம்புகிறது, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எக்மோரில் கிளம்புகிறது, இரண்டு ஊர்களுக்கும் நடுவே பெரிய தூரமே கிடையாது. எந்தக் கம்பெனி எந்த கேஜில் பாதை போட்டது என்று பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். 1951 ஏப்ரலில் இந்தக் கம்பெனிகளின் வாரிசுகளை எல்லாம் ஒன்றாக்கித் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். முதலாளி ஒருவரானார், தண்டவாளம் ஒன்றாகவில்லை. மீட்டர் கேஜை அகலமாக்கும் பெரிய வேலை 1992க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. தாம்பரம் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடி முடிந்தது 2004ல். அந்தப் பெட்டிகளில் தொங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் ரிட்டயர் கூட ஆகியிருக்க மாட்டார்கள்.

நடுவில் பறக்கும் ரயில் வேறு வந்தது. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997ல் மயிலாப்பூர் வரை, 2007ல் வேளச்சேரி வரை. பேர்தான் பறக்கும் ரயில், கடற்கரையிலிருந்து பார்க் டவுன் வரை அது தரையில்தான் ஓடுகிறது, அதற்கப்புறம்தான் மேலே ஏறுகிறது. இதைக் கட்டியது ரயில்வேதான். இது அகலப் பாதை, பார்க்கில் அப்போது இன்னும் மீட்டர் கேஜ் என்றாலும் இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். அப்படியும் பார்க்கையும் பார்க் டவுனையும் ஒரே நிலையமாக ஆக்கவில்லை. இதற்கு மட்டும் எனக்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. கம்பெனி வேறு, கேஜ் வேறு என்ற சாக்கு பழையவர்களுக்குச் செல்லும், 1990களில் கட்டியவர்களுக்கு எப்படிச் செல்லும்?

ரயில்வே பாதைகள் நிஜமாகவே கை கோர்க்கும் இடம் சென்னையில் கடற்கரை நிலையம். தாம்பரம் ரயில், வேளச்சேரி ரயில், வடக்கே கும்மிடிப்பூண்டியும் மேற்கே அரக்கோணமும் போகும் ரயில்களில் சில, எல்லாம் அங்கே வரும். படியேறிப் பக்கத்து பிளாட்பாரம் போனால் போதும், அதே டிக்கெட். ஆனால் வெளியூர் ரயில்களில் பெரும்பாலானவை கிளம்புவது அங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரி அங்கே இல்லை. கூட்டத்துக்கு வேண்டியதெல்லாம் இருப்பது சென்ட்ரலைச் சுற்றி.

சரி, அந்தச் சுற்றுப்புறத்துக்கு வருவோம். பார்க், பார்க் டவுன் என்று இரண்டு நிலையங்களுக்குப் பெயர் கொடுத்த பார்க் எங்கே? இருந்தது. மெட்ராஸ் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், 1859ஐ ஒட்டி, நூறு ஏக்கருக்கு மேல் பரப்பில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்றை உருவாக்கினார்கள். குளங்கள், பாதைகள், பேண்டு வாசிக்கும் மேடை, மிருகக்காட்சி சாலை. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் எக்மோர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் இங்கிருந்த மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள், தாத்தா பாட்டி வாயில் கேட்டிருப்பீர்கள். உயிர் காலேஜ் 1980களில் வண்டலூருக்குப் போய்விட்டது.

பூங்காவை நகரம் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டது. முதலில் 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால். ராபர்ட் சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டி கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட அரங்கம் அது, மெட்ராஸ்காரர்கள் முதன்முதலாகத் திரையில் அசையும் படம் பார்த்ததும் 1896ல் அங்கேதான். அப்புறம் 1900ல் மூர் மார்க்கெட். அப்புறம் 1913ல் மாநகராட்சிக்காக ரிப்பன் மாளிகை, லோகநாத முதலியார் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். அப்புறம் ஸ்டேடியம். இப்போது பூங்கா என்று சொல்லிக்கொள்ள மை லேடீஸ் பூங்கா மாதிரி ஓரத்தில் ஒரு துண்டு மிச்சம்.

மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், கடிகார உதிரி பாகம் என்று எதைத் தேடிப் போனாலும் அங்கே கிடைக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு மட்டும் கிடைக்காது. அந்த நிலம் ரயில்வேக்கு வேண்டியிருந்தது. மார்க்கெட்டைக் கைமாற்றக்கூடாது என்று எதிர்ப்பும் இருந்தது. அந்த இழுபறிக்கு நடுவே 1985 மே மாதம் தீ பிடித்துக் கட்டடம் எரிந்துபோனது. தீ எப்படிப் பிடித்தது என்று சந்தேகமாகப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் முனையமும் முன்பதிவு அலுவலகமும் வந்தன. எரிந்த கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து அங்கேயே வைத்தார்கள், ஆறுதலுக்கு. பொம்மை மார்க்கெட்டில் பொம்மைப் புத்தகக் கடை இருக்குமா என்று தெரியவில்லை.

மெட்ரோ வந்தபோது இருந்த நிலைமை இதுதான். மேலே ஒரு அங்குல இடம் கிடையாது. ஒரு பக்கம் 1873ம் வருடக் கட்டடம், இன்னொரு பக்கம் ரிப்பன் மாளிகையும் விக்டோரியா ஹாலும், எதிரில் ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனை, நடுவில் நகரத்தின் மிக நெருக்கடியான சாலைகளில் ஒன்று. தரைக்குக் கீழே போவதைத் தவிர வழியில்லை. நிலையத்துக்கான பக்கச்சுவர்களை முதலில் பூமிக்குள் ஆழமாக இறக்கிவிட்டு, அதற்கு நடுவே இருபது மீட்டருக்கு மேல் மண்ணை எடுத்துக் கட்டினார்கள். ரிப்பன் மாளிகையின் முகப்பை வருடக்கணக்கில் நீலத் தகரத் தடுப்புகளுக்கு மேலாகத்தான் பார்க்க முடிந்தது.

நிலையம் திறந்தது 2018 மே 25ல். ஆனால் அன்றைக்கு அது சந்திப்பு நிலையம் இல்லை. பச்சைப் பாதை மட்டும்தான் வந்திருந்தது. அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டும் வேலையில் ஒப்பந்ததாரர் பாதியில் விலகி, மறுபடி ஆள் பிடித்து வேலையை முடிக்கத் தாமதமானதால் நீலப் பாதை சென்ட்ரலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 10ல். 2021ல் அது வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. இரண்டு பாதைகளின் நடைமேடைகளும் மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் இருக்கின்றன. எஸ்கலேட்டரில் ஏறினால் அல்லது இறங்கினால் பாதை மாறிவிடலாம், டிக்கெட் காட்ட வேண்டியதில்லை. இவ்வளவு காலமாக சென்ட்ரலில் இல்லாமல் இருந்த வசதி இது ஒன்றுதான், வெளியே வராமல் ரயில் மாறுவது. மெட்ரோ மட்டும் 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ். ஆக, ஒரே சந்திப்பில் இந்த மண் பார்த்த மூன்றாவது அகலம்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் குழம்புவார்கள். நீலமும் பச்சையும் சென்ட்ரலில் பிரிந்து, ஒன்று அண்ணா சாலை வழியாகவும் இன்னொன்று கோயம்பேடு, வடபழனி வழியாகவும் சுற்றி, ஆலந்தூரில் மறுபடி சந்திக்கின்றன. பச்சைப் பாதையிலும் விமான நிலையம் வரை போகும் ரயில்கள் ஓடியிருக்கின்றன. ஏர்போர்ட் என்று பலகையைப் பார்த்த உடனே ஏறி உட்கார்ந்துவிட்டால், அண்ணா நகரையும் கோயம்பேட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஃபிளைட்டுக்கு நேரமிருந்தால் பாதகமில்லை. அவசரமென்றால் நீலப் பாதை.

என்னைக் கேட்டால் இந்த மெட்ரோ நிலையத்தால் அதிகம் பயனடைந்தவர்கள் ஐ.டி. ஊழியர்களோ ஏர்போர்ட் போகிறவர்களோ அல்ல, எக்மோரில் இறங்கி சென்ட்ரலில் ரயில் பிடிக்கிறவர்கள். தென்மாவட்டத்திலிருந்து ராத்திரி ரயிலில் வந்து, டில்லிக்கோ விஜயவாடாவுக்கோ அடுத்த ரயில் ஏற வேண்டிய குடும்பம் முன்பெல்லாம் எக்மோர் வாசலில் ஆட்டோக்காரரிடம் மாட்டும். இரண்டு கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு லக்கேஜைப் பார்த்தே ரேட் சொல்லுவார்கள். பார்க் வரை மின்சார ரயிலில் போகலாம்தான், 5 ரூபாய் டிக்கெட், ஆனால் பெட்டியும் சாக்குப்பையும் தூக்கிக்கொண்டு நெரிசலில் ஏறி, பார்க்கில் இறங்கி, சப்வே வழியாக ரோட்டைத் தாண்ட வேண்டும். மெட்ரோவில் எக்மோரிலிருந்து சென்ட்ரல் ஒரே ஸ்டாப், 10 ரூபாய், லிப்ட் இருக்கிறது. ஒரு குறை, காலை 5 மணிக்கு முன்னால் மெட்ரோ ஓடாது. நாலு மணிக்கு வந்து சேரும் ரயிலில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் ஆட்டோதான் கதி.

இன்னொரு கூட்டம் ஜி.எச்.சுக்கு வருகிறவர்கள். இப்போது ராஜீவ் காந்தி பேரில் இருக்கும் அந்த அரசு பொது மருத்துவமனை 1772லிருந்தே இந்த இடத்தில் இருக்கிறது, அதாவது ரயிலுக்கு முன்பே. காலை ஏழரை, எட்டு மணிக்கு சப்வேயில் நின்று பார்த்தால் யார் எங்கே போகிறார்கள் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எக்ஸ்ரே கவரும் நாலாய் மடித்த ஓ.பி. சீட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கமாகத் திரும்புவார்கள். சக்கரம் வைத்த பெட்டியை இழுப்பவர்கள் இன்னொரு பக்கம். டிபன் டப்பாவோடு வேகமாக நடப்பவர்கள் புறநகர் ரயிலில் வந்த வேலைக்காரர்கள், அவர்கள் எந்தப் பலகையையும் பார்ப்பதில்லை. நடுவில் நின்று பலகையை அண்ணாந்து பார்ப்பவர்கள் மட்டும் நோயாளியின் சொந்தக்காரர்கள், பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள், 'ஜி.எச். எந்தப் பக்கம் தம்பி?' என்று கேட்பார்கள். பலகையில் இருப்பதோ மருத்துவமனையின் முழுப் பெயர். நிலையத்தின் பெயரும் அப்படித்தான். 2019ல் ரயில் நிலையத்துக்கும் 2020ல் மெட்ரோ நிலையத்துக்கும் எம்.ஜி.ஆர். பெயரைப் பட்டங்களோடு வைத்தார்கள். டிக்கெட் கேட்கும்போது இன்றும் எல்லாரும் சென்ட்ரல் என்றுதான் சொல்கிறார்கள், ரயில்வேயின் குறியீடும் மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ். தான்.

கட்டடங்களைச் சேர்ப்பதற்கான வேலைகள் நடக்காமல் இல்லை. மெட்ரோ சப்வேக்கள் வந்த பிறகு ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடும் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2022ல் சென்ட்ரல் சதுக்கம் என்று முன்பக்கத்தைச் சீரமைத்து, வண்டி நிறுத்தத்தைத் தரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். முன்பு பார்க்கிங்கும் பிளாட்பாரக் கடையும் குழப்பியடித்த இடத்தில் இப்போது நடக்க முடிகிறது. ஆனால் சுவரை உடைத்து வழி போடுவது சுலபம், கணக்குப் புத்தகத்தைச் சேர்ப்பதுதான் கஷ்டம். பறக்கும் ரயிலும் புறநகர் ரயிலும் மத்திய அரசின் ரயில்வே. மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். பஸ் மாநில அரசு. மூன்றுக்கும் தனித்தனி கட்டணம், தனித்தனி சீசன் டிக்கெட் முறை. ஆவடியிலிருந்து வந்து சென்ட்ரலில் மாறி தேனாம்பேட்டை போகிறவர் இரண்டு முறை குறைந்தபட்சக் கட்டணத்தைச் சுமக்கிறார். இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்க கும்டா என்ற ஆணையத்துக்கு 2010லேயே சட்டம் போட்டார்கள். அது உயிர் பெற்று எழுந்து உட்காரவே பல வருடம் ஆனது. 2025 செப்டம்பரில்தான் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலி வந்தது. டிக்கெட் எடுப்பது ஒன்றானது நல்லது. தூரத்தை மொத்தமாகக் கணக்கிட்டு ஒரே கட்டணம் என்று ஆகும்போதுதான் அந்த ஆவடிக்காரருக்கு லாபம்.

பிரிந்து கிடப்பதன் விலை 2023ல் நன்றாகத் தெரிந்தது. கடற்கரைக்கும் எக்மோருக்கும் நடுவே நாலாவது ரயில் பாதை போட இடம் வேண்டும் என்று ஆகஸ்ட் கடைசியில் பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேல், 2024 அக்டோபர் வரை, பார்க் டவுன் பக்கம் பறக்கும் ரயில் எட்டிப் பார்க்கவில்லை. மயிலாப்பூரிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ஜி.எச்.சுக்கு வந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள். பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. அது முடிந்தால் பார்க் டவுனுக்கும் கீழே இருக்கும் மெட்ரோவுக்கும் குறைந்தது முதலாளியாவது ஒருவராக இருப்பார்.

இனி வரும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று பாதைகள், நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்றில் ஒன்று கூட சென்ட்ரலைத் தொடவில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் பாதை பச்சையைக் கீழ்ப்பாக்கத்திலும் நீலத்தை ஆயிரம் விளக்கிலும் வெட்டிக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் போய்விடும். எல்லாக் கூட்டத்தையும் ஒரே இடத்தில் குவிக்காமல் இப்படிப் பிரித்துவிடுவது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வடசென்னையிலிருந்து அடையாறு போகிறவர் சென்ட்ரல் பக்கமே வர வேண்டியிருக்காது. பெட்டியோடு வரும் வெளியூர்ப் பயணிக்கு மட்டும் இதனால் ஒன்றும் மாறாது, அவருக்கு சென்ட்ரல்தான். ஆனால் அதே பாதை பெரம்பூர் வழியாகப் போகிறது, பெரம்பூரை சென்ட்ரல், எக்மோர், தாம்பரத்துக்கு அடுத்த நாலாவது ரயில் முனையமாக்கும் திட்டமும் ரயில்வேயிடம் இருக்கிறது. அங்கே ரயில் முனையமும் மெட்ரோ நிலையமும் இனிமேல்தான் உருவாகப் போகின்றன, கேஜ் தகராறு குறுக்கே நிற்கப் போவதில்லை. ரயில் பிளாட்பாரத்திலிருந்து மெட்ரோ பிளாட்பாரத்துக்கு மழையில் நனையாமல் போக முடியுமா என்று வரைபடம் கையில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.